இங்கிலாந்து ராக் குழுவான கிங் கிரிம்சனின் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' ஆல்பத்தை எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே, உங்களுக்கு உண்மையிலேயே பிடித்ததா?

பாதி பிடிக்கும். அந்தப் பாதி எனக்கு உயிர். மீதிப் பாதியோடு பல வருடமாக இழுபறிதான்.

1973இல் வந்த ஆல்பம். பழைய ஆட்கள் எல்லோரும் போன பிறகு கிடார் வாசிக்கும் ராபர்ட் ஃபிரிப் புதிதாகச் சேர்த்த குழு. டிரம்ஸுக்கு யெஸ் குழுவை விட்டு வந்த பில் புரூஃபோர்டு, பாஸுக்கும் பாட்டுக்கும் ஜான் வெட்டன், வயலினுக்கு டேவிட் கிராஸ். இவர்களோடு ஜேமி மியூர் என்று ஒருவர். என்னை உள்ளே இழுத்தவர் அவர்தான். சங்கிலி, தகரத் தகடு என்று கைக்குக் கிடைத்த தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அவருக்கு வாத்தியம்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். நைனாவுக்குத் தகரப் பட்டறை. முதல் தடவை இதை வீட்டில் ஸ்பீக்கரில் போட்டபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் மீட்டும் கலிம்பாவில் மெல்ல ஆரம்பிக்கும். அப்புறம் மணிச் சத்தம், உலோகச் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேரும். "இன்னாடா, பாட்டு கேக்கறேன்னுட்டு வூட்லயே பட்டறை போட்டுக்கீற?" என்றார். சோற்றில் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் கேட்டவர், "ஷீட்டை ஒரு முனைல புடிச்சி ஒதறுறா மாதிரி கீதுடா" என்றார். அடுக்கிலிருந்து பெரிய தகட்டை ஒற்றைக் கையால் தூக்கினால் நடுவில் வளைந்து 'ஙொய்ங்' என்று ஒரு அலை ஓடும். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்காகவே பட்டறையில் போய் நிற்பேன். நைனா சொன்ன பிறகு இந்த ஆல்பம் எனக்கு வெளியூர்ச் சங்கதியாகவே படவில்லை.

சரி, என் குறைக்கு வருகிறேன். இந்த ஆல்பத்துக்கு நிசப்தம் வேண்டும். 13 நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்த முதல் பாட்டின் நடுவில் வயலின் தனியாக, மூச்சு விடுவது போல வாசித்துக்கொண்டே போகும். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வண்டிகள் ராத்திரி முழுக்க உறுமும் இடத்தில் அது எங்கே காதில் விழும்? சத்தத்தைக் கூட்டி வைத்தால் கிடார் திரும்ப வந்து காதைக் கிழிக்கிறது. 2012இல் ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் மறுகலவை (ரீமிக்ஸ்) செய்த பதிப்பையும் வாங்கினேன். வாத்தியங்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன, ஆனால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியேதான் இருக்கிறது. அது இருந்தால்தான் அழகு என்று புரிகிறது, ஆனாலும் மனசு ஆறவில்லை.

நடுவில் வரும் மூன்று பாட்டுகள் வேறு ஏதோ ஆல்பத்திலிருந்து வழி தவறி வந்தவை போல இருக்கும். 'புக் ஆஃப் சாட்டர்டே' இனிமைதான், வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. 'ஈஸி மணி' நல்ல கனமான பாட்டு, கடைசியில் ஒரு பொம்மைச் சிரிப்பை வைத்து அதைக் கெடுத்துவிட்டார்கள். 'எக்ஸைல்ஸ்' மட்டும் கேட்கக் கேட்க என்னை மாற்றிவிட்டது.

ஆனால் 'தி டாக்கிங் டிரம்'! காற்றில் தொடங்கி, தூரத்தில் ஒரு தாளம், பிறகு பாஸ் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட, மேலே வயலினும் கிடாரும் ஏறிக்கொண்டே வரும். எங்கள் பக்கம் சாவு மேளம் இப்படித்தான் வரும். நாலு தெரு தள்ளிக் கேட்கும்போது வெறும் துடிப்பு. முனை திரும்பினதும் சட்டியும் பறையும் தனித்தனியாகப் பிரியும். வீட்டைத் தாண்டும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அடிக்கும். ஏறி ஏறி உச்சியில் கிறீச்சென்று கத்தி முடிந்த நொடியில், முதல் பாட்டின் இரண்டாம் பாகமாக வரும் கடைசிப் பாட்டின் கிடார் விழும். அதை நாலு நாலாக எண்ணினால் கால் இடறும். தகதகிட, தகதகிட என்று அஞ்சு அஞ்சாகப் போட்டுப் பாருங்கள், உட்கார்ந்துகொள்ளும்.

இவ்வளவையும் செய்த மியூர், ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே குழுவை விட்டு ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்துக்குப் போய்விட்டார். அடுத்த ஆல்பத்தில் அவர் இல்லை. வாசிப்பில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அந்தத் தகரம் இல்லை. அந்த வருத்தமும் சேர்ந்துதான் இதை நான் முழு மனசோடு கேட்க முடியாமல் செய்கிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் புதிதாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால் கடைசி இரண்டிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் பாட்டை, தெரு அடங்கின பிறகு, ஹெட்போனில்.