ப்ரொஜெக்டர் படம் ஏன் பச்சையாகத் தெரிகிறது?

ப்ரொஜெக்டர் படக் கோளாறுகள் பற்றி நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் எல்லாருக்கும் ஒரு வேலை. ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள். அந்த மெனுவை ப்ரொஜெக்டரே உருவாக்குகிறது, கேபிள் வழியாக வருவதில்லை. மெனு சுத்தமாகவும் படம் மட்டும் கெட்டும் இருந்தால் கோளாறு சிக்னல் வரும் வழியில். மெனுவும் சேர்ந்து கெட்டிருந்தால் கேபிள் மாற்றிப் பயனில்லை.

விஜிஏ கேபிளில் லேப்டாப்பை இணைத்தால் வெள்ளைப் பக்கம் மஞ்சளாகத் தெரிகிறது. மெனு சரியாக இருக்கிறது.

நீலம் வந்து சேரவில்லை. விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 1, 2, 3 என்ற பின்களில் (பிளக்கின் ஊசிகளில்) தனித்தனியாகப் போகின்றன. நீலம் அறுந்தால் வெள்ளை மஞ்சளாகும், பச்சை அறுந்தால் கத்தரிப்பூ நிறம், சிவப்பு அறுந்தால் நீலப்பச்சை. பிளக்கில் பின் ஏதாவது மடங்கியிருக்கிறதா பாருங்கள். 9-ஆம் பின் இல்லாமலே வரும் பிளக்குகள் நிறைய உண்டு, அதைக் கண்டு பதற வேண்டாம். கேபிளை ஆட்டும்போது நிறம் வந்து வந்து போனால் புதிது வாங்குங்கள்.

பிளேயரிலிருந்து ஸ்விட்சர் (பல கருவிகளை மாற்றி மாற்றி இணைக்கும் பெட்டி) வழியாக எச்டிஎம்ஐ. படம் முழுக்க ரோஸும் பச்சையும். கேபிள் மாற்றியும் போகவில்லை சார்.

போகாது. அனுப்புகிறவர் ஒரு கணக்கில் அனுப்ப, வாங்குகிறவர் வேறு கணக்கில் படிக்கிறார். நிறத்தை சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரித்து ஆர்ஜிபி என்றும் அனுப்பலாம், வெளிச்சம் ஒன்று, நிற வேறுபாடு இரண்டு எனப் பிரித்து ஒய்சிபிசிஆர் என்றும் அனுப்பலாம். எது எதாகப் படிக்கப்படுகிறது என்பதைத் திரையே சொல்லிவிடும். இருட்டான இடம் ஊதாவாகவும் வெள்ளை பச்சையாகவும் தெரிந்தால், ஒய்சிபிசிஆர் சிக்னலை ப்ரொஜெக்டர் ஆர்ஜிபி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கறுப்பு பச்சையாகி வெள்ளை ரோஸானால் நேர் எதிர். ப்ரொஜெக்டர் மெனுவில் கலர் ஸ்பேஸ் என்று ஒன்று இருக்கும், ஆட்டோவை விட்டு நீங்களே தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஸ்விட்சரைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துப் பாருங்கள். நேராக இணைத்ததும் சரியானால் குற்றவாளி அந்தப் பெட்டிதான். என் அனுபவத்தில் பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரிகிறது. அறை நல்ல இருட்டு.

இதுவும் அதே குடும்பம்தான். வெளிச்சம் எண்ணாகத்தான் போகிறது: வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினியில் 0 முதல் 255 வரை. 16-இல் வரும் கறுப்பை 0-விலிருந்து தொடங்கும் ப்ரொஜெக்டர் சாம்பலாகக் காட்டும். மாறாக இருந்தால் இருட்டுக் காட்சிகளில் ஒன்றுமே தெரியாமல் கறுப்பு விழுங்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரே ரேஞ்ச் (எண் எல்லை) வையுங்கள். பிரைட்னஸைத் தொட வேண்டாம்.

15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள். 4கே வைத்தால் வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன, சில சமயம் படமே போய்விடுகிறது.

புள்ளிகள் இடம் மாறி மாறி மின்னினால் கேபிள். ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் ப்ரொஜெக்டருக்குள் நுண்ணிய கண்ணாடிகளால் படத்தை உருவாக்கும் டிஎல்பி சிப், அது வேறு செலவு. 1080பி 60-க்கு, அதாவது நொடிக்கு 60 படம் அனுப்ப, நொடிக்கு சுமார் 4.5 ஜிகாபிட் போதும். 4கே 60 முழு நிறத்தோடு போக 18 ஜிகாபிட் கேபிள் வேண்டும். சாதாரணச் செம்புக் கேபிள் 15 மீட்டரில் அதைத் தாங்குவது கஷ்டம். 1080பிக்கு இறக்கிப் பாருங்கள், புள்ளிகள் மறைந்தால் சந்தேகமே இல்லை. சிக்னலை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள், ஆனால் அதற்குத் திசை உண்டு. முனைகளை மாற்றிச் செருகினால் படம் வராது.

எழுத்துகளுக்குப் பக்கத்தில் நிழல் விழுகிறது. விஜிஏவை ஒய் கேபிளால் மானிட்டருக்கும் ப்ரொஜெக்டருக்கும் பிரித்திருக்கிறேன்.

அந்த ஒய் கேபிள்தான். விஜிஏ 75 ஓம் (மின்தடை அளவு) கணக்கில் இயங்குவது, இரண்டாகப் பிரித்தால் கணக்கு கெட்டு சிக்னல் திரும்பி வந்து நிழலாகிறது. மின்சாரம் கொடுத்து இயக்கும் ஸ்பிளிட்டர் போடுங்கள்.

பழைய விசிஆர் (வீடியோ கேசட் பிளேயர்) படம் கறுப்பு வெள்ளையில் மட்டும்.

மெனுவில் வீடியோ சிஸ்டம் பாருங்கள். பழைய டிவி சிக்னலில் பிஏஎல் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று இரண்டு முறைகள்; பிஏஎல்லில் நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸில் வரும், என்டிஎஸ்சியில் 3.58. தவறானது தேர்வாகியிருந்தால் நிறம் வராது. விசிஆரின் மஞ்சள் வீடியோ பிளக்கை, சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஓட்டை உள்ள காம்பொனென்ட் இணைப்பின் பச்சை ஓட்டையில் செருகினாலும் இதே கதைதான்.

மெனு மேலேயும் மஞ்சள் கறை. எல்சிடி ப்ரொஜெக்டர், நிறைய நேரம் ஓடியது.

சூட்டில் போலரைசர் (உள்ளே ஒளியை வடிகட்டும் தகடு) கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். சர்வீஸுக்குக் கொடுங்கள், புதியதின் விலையோடு ஒப்பிட்ட பிறகு.