30 மடங்கு சொத்து இருக்கிறது, 46 வயதில் வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். மகளுக்கு 14, மகனுக்கு 10. கடன் எதுவும் இல்லை. குடும்பத்தின் ஓர் ஆண்டுச் செலவைப் போல 30 மடங்கு சொத்து சேர்ந்திருக்கிறது. அதில் குடியிருக்கும் வீடு 9 மடங்கு. பிள்ளைகளின் மேற்படிப்புக்கு 3 மடங்கு தேவைப்படலாம். ஆண்டுதோறும் ஓர் ஆண்டுச் செலவுக்குச் சமமான தொகையைச் சேமிக்கிறேன். 25 மடங்கு இருந்தாலே ஓய்வு பெறலாம் என்று படித்தேன். 46 வயதில் வேலையை விடலாமா?

பதில்: 46-ல் வேண்டாம். 50-ல் ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன் உங்கள் 30-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

குடியிருக்கும் வீடு வாடகையை மிச்சப்படுத்துகிறது. அந்த மிச்சம் உங்கள் செலவுக் கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்டது. வீட்டைச் சொத்திலும் சேர்த்தால் ஒரே வீட்டை இரண்டு முறை எண்ணியதாகும். கூரையிலிருந்து ஓர் ஓட்டைப் பிடுங்கி விற்றுக் காய்கறி வாங்க முடியாது. எனவே 9 போகட்டும். படிப்புக்கான 3-ஐயும் தனியே எடுத்து வையுங்கள். மீதி 18. உங்கள் ஓய்வுக்கால நிதி இதுதான்.

அடுத்து, நீங்கள் படித்த 25 மடங்கு. வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. முதல் ஆண்டில் சேமிப்பிலிருந்து 4 சதவீதம், அதாவது 25-ல் ஒன்றை, எடுத்து, பிறகு ஆண்டுதோறும் விலைவாசி ஏறும் அளவுக்கு அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால் பணம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று அவர் பார்த்தார். 1926 முதலான அமெரிக்கச் சந்தைத் தரவுகளை வைத்துப் போட்ட கணக்கு. குறைந்தது 30 ஆண்டு தாங்கும் என்பது அவர் கண்ட விடை. அறுபதை ஒட்டி ஓய்வு பெறுகிறவருக்கு 30 ஆண்டு போதும். நீங்கள் 46-ல் விட்டால் 86 வயதுக்கே 40 ஆண்டு ஆகிறது. உங்கள் மனைவி இளையவராக இருந்தால் இன்னும் கூடும்.

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் செலவு 12 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும். 46-ல் 1 என்றால் 58-ல் 2, 70-ல் 4, 82-ல் 8. சேமிப்பு விலைவாசிக்குச் சமமாக மட்டுமே வளர்ந்தால் 25 மடங்கு சரியாக 25 ஆண்டுக்கு வரும்; 71 வயதில் கை காலி. விலைவாசியைவிட 1 சதவீதம் கூடுதலாக வளர்ந்தால் 40 ஆண்டுக்கு ஏறக்குறைய 33 மடங்கு வேண்டும். சந்தை இதைவிட நன்றாகத் தரக்கூடும். ஆனால் திரும்பிப் போக வேலை இல்லாத ஒருவருக்கு நான் நம்பிக்கையை வைத்துக் கணக்குப் போடுவதில்லை.

இந்த 1 சதவீதக் கணக்கின்படி, இப்போது சேமிப்பதைப் போலவே சேமித்தால், முழு ஓய்வு 53 வயதில் சாத்தியம். இன்னொரு வழி, 50 வரை முழுநேர வேலை, அதன்பின் 60 வரை குடும்பச் செலவில் பாதியை மட்டும் ஈட்டும் ஏதேனும் ஒரு வேலை. அதிலும் பணம் ஏறக்குறைய 86 வரை வந்து சேர்கிறது. பிள்ளைகள் தனியே போனபின் குறையும் செலவை நான் கணக்கில் எடுக்கவில்லை. 86-க்கு மேல் வாழும் ஆண்டுகளுக்கு அது ஈடாக இருக்கட்டும். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். அதற்கு வலுவான காரணம் உண்டு.

ஓய்வுக்குப் பின் வரும் முதல் சில ஆண்டுகள்தான் ஆபத்தானவை. இருவர் ஆளுக்கு 100 ரூபாயோடு ஓய்வு பெறுகிறார்கள் என்று வையுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஆளுக்கு 4 ரூபாய் எடுக்கிறார்கள். முதலாமவருக்குப் பங்குச் சந்தை முதல் ஆண்டு 20 சதவீதமும் அடுத்த ஆண்டு 10 சதவீதமும் விழுந்து, மூன்றாம் ஆண்டு 40 சதவீதம் ஏறுகிறது. மற்றவருக்கு அதே மூன்று எண்களும் தலைகீழ் வரிசையில் வருகின்றன. பணத்தைத் தொடாமல் வைத்திருந்தால் இருவரிடமும் 100.8 இருந்திருக்கும். எடுத்துச் செலவு செய்ததால் முதலாமவரிடம் 86.1, இரண்டாமவரிடம் 90.7. வரிசை மாறியதற்கே ஓர் ஆண்டுச் செலவுக்கும் மேலான வித்தியாசம். விலை விழுந்த நேரத்தில் விற்ற பங்குகள், சந்தை ஏறும்போது கூட ஏறுவதற்கு இல்லை. அந்தக் காலத்தில் பாதிச் செலவுக்கு வருமானம் இருந்தால் விற்பதும் பாதிதான். கூடவே இரண்டு மூன்று ஆண்டுச் செலவை வைப்புத்தொகை போன்ற அசையாத இடத்தில் வைத்து, சந்தை சரிந்தால் அதிலிருந்து எடுங்கள். ஏறிய ஆண்டில் மறுபடி நிரப்புங்கள்.

மருத்துவக் காப்பீடு பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அலுவலகக் காப்பீட்டை மட்டும் நம்பியிருந்தால், வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள். உடம்பில் ஏதாவது வந்தபின் விண்ணப்பித்தால் பிரீமியமும் நிபந்தனைகளும் வேறு மாதிரி இருக்கும்.

ஓர் ஆண்டுச் செலவு என்று நீங்கள் சொல்லும் தொகையிலும் எனக்கு ஐயம் உண்டு. பெரும்பாலோர் மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கிவிடுகிறார்கள். கடந்த 36 மாத வங்கிக் கணக்கை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல், ஒழுகிய கூரை, உயிரை விட்ட மடிக்கணினி, வண்டியின் நான்கு டயர்கள் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றும் 'எப்போதோ ஒருமுறை வருவது' என்று தோன்றும். மொத்தத்தில் ஆண்டு தவறாமல் ஏதோ ஒன்று வரும். பிறகு ஓர் ஆறு மாதம் சம்பளத்தைத் தொடாமல், ஓய்வுக்கால மாதத் தொகையில் மட்டும் வாழ்ந்து பாருங்கள். உண்மையான செலவு அதில் தெரிந்துவிடும்.

வாழ்க்கைமுறைக்கும் அப்படி ஓர் ஒத்திகை வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் 47-ல் வேலையை விட்டார். நான்காவது மாதம் சமையலறை அலமாரியை ஒழுங்கு செய்ய ஆரம்பித்தார். 'உப்பு ஜாடியைத் தேடி அரை மணி நேரம் ஆனது' என்று அவர் மனைவி என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. முடிந்தால் இரண்டு மாத விடுப்பு எடுத்து, ஊர் சுற்றாமல் வீட்டிலேயே இருங்கள். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குப் பிள்ளைகள் பள்ளியிலும் நண்பர்கள் அலுவலகத்திலும் இருப்பார்கள். அப்போது உங்களுக்கு என்ன வேலை?

உங்கள் கேள்வியில் மனைவி ஒரே ஒரு வரியில்தான் வருகிறார். நீங்கள் ஓய்வு பெறும் இடம் அவர் நாள் முழுதும் வேலை செய்யும் இடம். அந்த 36 மாதக் கணக்கைப் பார்க்கும்போது அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் மறந்த செலவுகள் மூன்று நான்காவது அவருக்குத் தெரிந்திருக்கும்.