தேய்ந்த டிராம் தண்டவாளம்: கேளுங்கள், சொல்கிறேன்

டிராம் பாதைப் பராமரிப்பில் இருபது வருடம் வேலை பார்த்தவன். தண்டவாளம், அதற்கு அடியில் இருப்பது, இரண்டைப் பற்றியும் கேளுங்கள். டிக்கெட், வழித்தடம் என் துறை இல்லை.

கேள்வி: இரும்பு அவ்வளவு சீக்கிரம் தேயுமா?

நேர்ப்பாதையில் பல பத்தாண்டுகள் தாங்கும். நெருக்கமான வளைவில் சில வருடங்களிலேயே போய்விடும். தெருத் தண்டவாளத்தில் சக்கர விளிம்பு ஓட ஒரு பள்ளம் உண்டு. அதன் அகலம் பெரும்பாலும் 36 அல்லது 42 மி.மீ. வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தின் பக்கவாட்டை விளிம்பு உரசி உரசிச் சீவிவிடும். மேற்பகுதி தேயத் தேய, விளிம்பு பள்ளத்தின் அடியைத் தொடும். அதற்குள் மாற்றியாக வேண்டும். (பாதைகள் குறுக்கிடும் இடத்தில் வேண்டுமென்றே அப்படி ஓடவிடுவதுண்டு, அது வேறு கதை.)

கேள்வி: வெல்டிங் போட்டு ஒப்பேற்ற முடியாதா?

முடியும். தேய்ந்த பக்கத்தை வெல்டிங்கால் நிரப்பி இழைத்துவிட்டால் இன்னும் சில வருடம் ஓடும். ஆனால் தண்டவாளத்தின் பாதம் துருப்பிடித்து, கீழே காங்கிரீட்டும் நொறுங்கியிருந்தால் வீண். ஈறு போன பிறகு பல்லுக்குப் பூச்சு எதற்கு?

கேள்வி: வெயிலில் இரும்பு நீளுமே, இடைவெளி விடாமல் எப்படிப் பதிக்கிறார்கள்?

நல்ல கேள்வி. தெருவில் பதித்த தண்டவாளத்தைக் காங்கிரீட் நாலாபக்கமும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீள இடமில்லாததால் அந்த விசை உள்ளேயே அழுத்தமாக நின்றுவிடும். மண்ணுக்குள் இருப்பதால் சூடும் திறந்த பாதை அளவுக்கு ஏறாது. அதனால் முனைகளை ஒன்றாகவே பற்றவைக்கிறோம். அலுமினியப் பொடியும் இரும்பு ஆக்சைடும் 2000 டிகிரிக்கு மேல் கொதித்து, உருகிய இரும்பு அச்சுக்குள் இறங்கும். இந்தத் தெர்மிட் முறையில் 1899-லேயே ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் டிராம் பாதையை இணைத்தார்கள்.

கேள்வி: சைக்கிள் சக்கரம் மாட்டுகிறதே?

முடிந்தவரை தண்டவாளத்துக்குச் செங்குத்தாகக் கடந்து போங்கள். மழையில் இரட்டிப்புக் கவனம்.

கேள்வி: எங்கள் கடை வாசலை மூன்று வாரம் மூடிவிட்டார்கள். இரவில் மட்டும் வேலை செய்தால் என்ன சார்?

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். கடைசி வண்டிக்கும் முதல் வண்டிக்கும் நடுவே நாலைந்து மணி நேரம். மின்சாரத்தை நிறுத்தி, இயந்திரம் இறக்கி, விடிவதற்குள் எல்லாவற்றையும் அள்ளி மூடி ஓட வேண்டும். காங்கிரீட் இறுகவே நேரம் போதாது. மூன்று வார வேலை மாதக்கணக்கில் இழுக்கும். அத்தனை இரவும் உங்கள் மாடியில் இருப்பவர் தூங்க முடியாது.

கேள்வி (அதே கடைக்காரர்): சீக்கிரம் இறுகும் கலவை இருக்கிறதே!

இருக்கிறது. சந்திப்புகளில் நானே போட்டிருக்கிறேன். ஆனால் துண்டு துண்டாகப் போட்டால் துண்டுக்கு ஒரு இணைப்பு. நீர் இறங்குவது அங்கேதான்.

கேள்வி: கடைக்காரர் சொல்வதே சரி. நிபுணர்களுக்கு வசதி, எங்களுக்கு நட்டம்.

எனக்கு எந்த வசதியும் இல்லை ஐயா, பணி ஓய்வு பெற்றுவிட்டேன். இழப்பீடு கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். வேலையை மட்டும் துண்டாக்காதீர்கள்.

கேள்வி: தண்டவாளத்துக்கு நடுவே இடைவெளி வேண்டாமா?

மேலே பாருங்கள்.

கேள்வி: தண்டவாளத்தைச் சுற்றி ரப்பர் உறை எதற்கு?

அதிர்வைத் தாங்க என்பார்கள், அது பாதி. டிராமின் நேர்மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்புகிறது. உறை கிழிந்தால் மண்ணுக்குள் கசிந்து பக்கத்துக் குழாயில் ஏறும். வெளியேறும் இடத்தில் குழாயை அரிக்கும். ஒரு ஆம்பியர் ஒரு வருடம் கசிந்தால் சுமார் 9 கிலோ இரும்பு கரையும். அதனால்தான் எல்லாரிடமும் சொல்வேன்: பாதையைத் தோண்டும்போதே அடியில் இருக்கும் குழாயைப் பாருங்கள்.

கேள்வி: கோடையில் இடைவெளி இல்லாமல்...

மூன்றாவது தடவை. அடுத்தவர்.

கேள்வி: டிராம் ஏன் எப்போதும் தாமதம்?

போக்குவரத்துப் பிரிவிடம் கேளுங்கள்.

கேள்வி (கடைக்காரர்): சரி சார், விடுங்கள். குழிக்குள் எட்டிப் பார்த்தேன். துருப்பிடித்த பழைய குழாய் ஒன்று கிடக்கிறது. அதை அப்படியே விட்டுக் கம்பி கட்டுகிறார்கள்.

காங்கிரீட் போட்டுவிட்டார்களா? இல்லையென்றால் இன்றைக்கே குடிநீர்ப் பிரிவுக்கு எழுதுங்கள், படத்தோடு.

கேள்வி (கடைக்காரர்): நாளைக் காலை போடுகிறார்களாம்.

அப்படியானால் எழுத வேண்டாம். நேரில் போங்கள்.