குரோவேஷிய இயக்குநர் தோமிஸ்லாவ் கோதோவாட்ஸை ‘சுயாதீன இயக்குநர்’ என்கிறார்களே, சோஷலிச நாட்டில் அது எப்படி முடிந்தது?

ஸ்டுடியோவின் உத்தரவோ வசூல் கணக்கோ இல்லாமல், தன் விருப்பப்படி படம் எடுப்பவர்தான் சுயாதீன இயக்குநர். குரோவேஷியாவும் அடங்கியிருந்த அன்றைய சோஷலிச யூகோஸ்லாவியாவில் அதற்கு வழிவிட்டவை சினிமா கிளப்புகள். கேமராவும் ஃபிலிமும் அங்கே கிடைக்கும். ஊர்ப் பொதுவில் இருக்கும் அண்டா குண்டானை வாங்கிவந்து வீட்டு விசேஷத்துக்குச் சமைப்போமே, அது மாதிரி. பாத்திரம் பொது, சமையல் நம்முடையது.

1937-ல் சோம்போரில் பிறந்து ஜாக்ரெபில் வளர்ந்த கோதோவாட்ஸ், இப்படித்தான் 1960-களில் குறும்படங்கள் எடுத்தார். 1964-ல் எடுத்த ‘நேர்கோடு’ எனக்கு மிகவும் பிடிக்கும். யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடில் ஓடும் டிராமின் முகப்பில் கேமரா அசையாமல் நிற்கிறது. தண்டவாளம் நம்மை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். பஸ்ஸில் முன்சீட் பிடித்த குழந்தை கண் எடுக்காமல் சாலையைப் பார்க்குமே, அந்தப் பார்வை! கதை இல்லாமலும் சினிமா நம்மைக் கட்டிப்போடும் என்பதை நான் இதில்தான் உணர்ந்தேன்.

அப்புறம் பெல்கிரேடில் திரைப்படம் படித்தார். அங்கே அவர் நாயகனாக நடித்த ‘பிளாஸ்டிக் ஜீசஸ்’ தடை செய்யப்பட்டது, அதன் இயக்குநர் சிறை சென்றார். அதனால் கோதோவாட்ஸின் படிப்புப் பட்டமும் 1976 வரை தள்ளிப்போனது. 2010-ல் ஜாக்ரெபில் காலமானார்.

சுயாதீனம் என்றால் அரசுப் பணமே படாதது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த கிளப்புகளே அரசு ஆதரவில் நடந்தவைதான்.