பரிசோதனைத் தேதி நெருங்கினால் தூக்கம் போகிறது

கேள்வி: வயது 46. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. நோய் திரும்பாமல் இருக்க டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறேன். ரிப்போர்ட் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அடுத்த பரிசோதனைக்குப் பத்து நாட்களுக்கு முன்பே தூக்கம் போய்விடுகிறது. குளிக்கும்போதெல்லாம் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். "அதுதான் குணமாகிவிட்டதே" என்று கணவர் எரிச்சல்படுகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உடல் முழுவதும் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன் எடுத்தால் நிம்மதி என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. உங்களுக்குப் புத்தி பேதலித்துவிடவில்லை. சிகிச்சை நடக்கும்போது அடுத்த ஊசி, அடுத்த ரத்தப் பரிசோதனை என்றே நாள் ஓடிவிடும். எல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்து சேரும். என்னிடம் வரும் ஒரு பெண்மணி, ஆஸ்பத்திரி ஃபைல் இருக்கும் மஞ்சள் பையைப் பீரோ மேலிருந்து மகனைத்தான் எடுத்துத் தரச் சொல்வார். தன் கையால் தொட மாட்டார்.

என் கோபமெல்லாம் நம் மருத்துவமனைகள் மீதுதான். கட்டியின் அளவை மில்லிமீட்டர் கணக்கில் எழுதுகிறோம். "தூங்குகிறீர்களா?" என்று கேட்டு எழுத அந்த ஃபைலில் ஒரு வரி இல்லை. அந்த இடைவெளியில்தான் வியாபாரிகள் நுழைகிறார்கள். அறிகுறி இல்லாதவருக்கு வழக்கமான பெட் ஸ்கேனும், மார்பகப் புற்றுநோயின் தடயத்தை ரத்தத்தில் அளக்கும் சிஏ 15-3 பரிசோதனையும் தேவையில்லை. டாக்டரின் நேரடிப் பரிசோதனையும் ஆண்டுக்கு ஒரு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) போதும். கல்லீரல் கோளாறில்கூட சிஏ 15-3 ஏறும். ஏறினால் மறு ஸ்கேன், சதையைக் கிள்ளி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி என்று அலைய வேண்டியதுதான். ஆள் கூட்டிவந்தால் கமிஷன் தரும் ஸ்கேன் மையங்களும், "திரும்ப வராமல் தடுக்கும்" பொடி விற்பவர்களும் உங்கள் பயத்தில்தான் பிழைக்கிறார்கள். எந்த மையத்துக்குப் போகச் சொல்கிறார் என்று அந்தத் தெரிந்தவரைக் கேட்டுப் பாருங்கள்.

தடவிப் பார்ப்பதை மாதத்தில் ஒரு நாளோடு நிறுத்துங்கள். புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வலி, இருமல் போன்றவை இரண்டு வாரம் விடாமல் நீடித்தால் போங்கள். நள்ளிரவில் உடல் கொதித்து வியர்த்து எழுகிறீர்களா? அது டாமாக்சிஃபெனின் வேலையாக இருக்கலாம். மனம்விட்டுப் பேச 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இருக்கிறது: இலவசம், தமிழிலும் பேசலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே உளவியல் பிரிவு இருக்கிறது.

மனநல மருத்துவரிடம் போனால் ஒன்றை மறக்காதீர்கள். டாமாக்சிஃபென் சாப்பிடுவதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அந்த மாத்திரை கல்லீரலில் உருமாறிய பிறகுதான் முழு வீரியத்தோடு வேலை செய்யும். மனச்சோர்வுக்குத் தரப்படும் பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின், புப்ரோபியான் ஆகியவை அந்த உருமாற்றத்தைத் தடுக்கின்றன. வென்லாஃபாக்ஸின் போல மாற்று மருந்துகள் உண்டு. ஏற்கெனவே அந்த மூன்றில் ஒன்றைச் சாப்பிட்டுவந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; இரண்டு டாக்டர்களிடமும் இரண்டு சீட்டுகளையும் காட்டுங்கள். கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம், பல இடங்களில் கேட்பதில்லை.

அடுத்த பரிசோதனைக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்த்தி வைக்காமல், டாக்டர் அறைக்குள்ளேயே அழைத்துப் போங்கள்.