கரை திரும்பாத 'அப்ஹோல்டர்': வாசகர் கேள்வி – பதில்

இரண்டாம் உலகப் போரில் மத்தியதரைக் கடலில் குழுவினர் அத்தனை பேரோடும் மறைந்த பிரிட்டிஷ் நீர்மூழ்கி 'அப்ஹோல்டர்' பற்றியும், அதன் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் டேவிட் வாங்க்ளின் பற்றியும் சென்ற இதழில் எழுதியிருந்தோம். குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வாங்க்ளின் இந்தியாவில் பிறந்தவர் என்கிறார்களே, உண்மையா? எதற்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

உண்மைதான். 1911 ஜூன் 28-இல் கொல்கத்தாவில் பிறந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் தவிர, டி.எஸ்.ஓ. என்ற ராணுவ அதிகாரிகளுக்கான விருதையும் மூன்று முறை பெற்றவர்.

விக்டோரியா கிராஸ் 1941 மே 24 மாலை நடந்த தாக்குதலுக்காகக் கிடைத்தது. சிசிலிக் கரையோரம், போர்க்கப்பல்கள் காவலுக்கு வர, இத்தாலியப் படைவீரர்களை ஏற்றிய கப்பல்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தன. வெளிச்சம் மங்கிவிட்டதால் பெரிஸ்கோப்பில் சரியாகத் தெரியவில்லை. மேலே வந்தால் எதிரியின் கண்ணில் பட்டுவிடும். நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி ஏற்கெனவே பழுது. இந்த நிலையிலும் நெருங்கிப் போனார். டார்பிடோவை ஏவும் நேரத்தில் ஒரு காவல் கப்பல் இருட்டிலிருந்து பாய்ந்து வந்தது. மோதல் நூலிழையில் தப்பியது. அது விலகியதும் ஏவினார். 'கோன்டே ரோஸோ' மூழ்கியது. அதில் இருந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். விருதைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டார்பிடோ நேராக ஓடக்கூடியதுதானே? எதற்காக உயிரைப் பணயம் வைத்து அவ்வளவு பக்கத்தில் போக வேண்டும்? (வாசகர், குளச்சல்)

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். டார்பிடோவின் வேகம் 40 நாட் என்று வைத்துக்கொள்வோம், அதாவது நொடிக்கு 20.6 மீட்டர். 1,000 மீட்டர் ஓட அதற்கு 49 நொடி ஆகும். அந்த நேரத்தில், 17 நாட்டில் போகும் கப்பல் 425 மீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே கப்பலைக் குறிவைப்பதில்லை, அது வந்து சேரப்போகும் இடத்தைக் குறிவைக்கிறார்கள். அந்த இடத்தைச் சொல்லக் கப்பலின் வேகமும் திசையும் தெரிய வேண்டும். இரண்டையும் பெரிஸ்கோப்பில் சில நொடி பார்த்துக் கண்மதிப்பாகத்தான் கணிக்க முடியும்.

வேகக் கணிப்பில் 2 நாட் பிசகியது என்றால், 1,000 மீட்டரில் குறி 50 மீட்டர் தள்ளிப்போகும். 180 மீட்டர் நீளக் கப்பலின் நடுவைக் குறிவைத்திருந்தால் அப்போதும் எங்காவது படும். அதே பிசகு 3,000 மீட்டரில் 150 மீட்டராகிவிடும். டார்பிடோ கப்பலுக்கு முன்னாலோ பின்னாலோ போய்விடும். 1941-இன் தொடக்க மாதங்களில் வாங்க்ளின் அடுத்தடுத்துத் தவறவிட்டார். இவரைத் தலைமையில் வைத்திருக்கலாமா என்று மேலதிகாரியே யோசிக்கும் அளவுக்கு டார்பிடோக்கள் வீணாயின. நெருங்கிப் போகும் பழக்கம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

இதற்கு விலக்காக ஒரு சம்பவமும் உண்டு. 1941 செப்டம்பர் 18 விடியற்காலை, திசைகாட்டும் கைரோ பழுதாகிப் படகின் முகப்பு இடமும் வலமும் அலைந்துகொண்டிருந்தது. தூரமோ ஏறத்தாழ 4,500 மீட்டர். முகப்பு குறியைக் கடக்கும் கணங்களைப் பார்த்து, இடைவெளி விட்டு நான்கு டார்பிடோக்களை ஏவினார். எதிரே பெரிய கப்பல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாற்போல் தெரிந்ததால் இலக்கு நீளமாக இருந்தது. 'நெப்டூனியா' மூழ்கியது. அடிபட்டு நின்ற 'ஓசியானியா'வை, அதற்கு அடியில் புகுந்து மறுபக்கம் போய் மீண்டும் தாக்கி மூழ்கடித்தார்.

மே 24 தாக்குதலுக்குப் பிறகு 37 ஆழக்குண்டுகள் போட்டும் நீர்மூழ்கி தப்பியது எப்படி? (விசைப்படகு ஓட்டுநர், முட்டம்)

ஆழக்குண்டு என்பது வெடிமருந்து அடைத்த பீப்பாய். எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அமைத்துத்தான் போடுவார்கள். நீரின் அழுத்தம் அந்த அளவை எட்டியதும் வெடிக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் குண்டு ஒன்றில் 130 கிலோ வெடிமருந்து இருந்தது. அது 6 மீட்டருக்குள் வெடித்தால் நீர்மூழ்கியின் உடல் பிளந்துவிடும், 12 மீட்டரில் வெடித்தால் மேலே வந்தே ஆக வேண்டிய அளவுக்குச் சேதமாகும். அதற்கு அப்பால் வெடித்தால் அதிர்ச்சி மட்டும்தான். அந்த வட்டம் எவ்வளவு சிறியது பாருங்கள்.

குண்டு நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கும். 60 மீட்டர், அதாவது 33 பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர்) இறங்க 20 நொடி வேண்டும். அதற்குள் 3 நாட்டில் ஊரும் நீர்மூழ்கி 30 மீட்டர் நகர்ந்துவிடும். ஒலிக்கருவி உள்ள கப்பலும் இலக்கின் தலைக்கு மேல் நெருங்கும்போது அதன் எதிரொலியை இழந்துவிடும், கடைசி ஓட்டம் ஊகம்தான். குண்டு வெடித்த பிறகு கலங்கிய தண்ணீரில் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் கேட்காது. தேர்ந்த தலைவர்கள் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வேகத்தைக் கூட்டித் திசையை மாற்றுவார்கள். வெடிச் சத்தம் அடங்கியதும் மறுபடி மெல்ல ஊர்வார்கள்.

உடல் பிளக்காமலே படகு போவதும் உண்டு. 60 மீட்டர் ஆழத்தில் இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் உடைந்தால் நொடிக்கு ஏறத்தாழ 10 லிட்டர் தண்ணீர் பீறிடும். பத்து நிமிடத்தில் 6 டன். நீருக்குள் எடை சமனாகி நிற்கும் படகுக்கு 6 டன் பெரிய சுமை. படகு தாழும், தாழத் தாழ அழுத்தம் கூடும், தண்ணீர் இன்னும் வேகமாக வரும். அந்தக் கடல்நீர் பேட்டரி அறைக்குள் போய் அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பேட்டரி அறைத் தளத்தில் கசிவு தெரிந்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான் என்பார்கள்.

முங்கும்போது உள்ளே என்னென்ன செய்வார்கள்? வரிசையாகச் சொல்ல முடியுமா? (வாசகர், தூத்தூர்)

மேல்தளத்தில் நிற்பவர்கள் ஏணி வழியே இறங்குவார்கள். கடைசியாக இறங்குபவர் மூடியை இறுக்குவார். அதற்குள் டீசல் எஞ்சின் நிறுத்தப்பட்டு, அதன் காற்றுக்குழாய் வால்வும் புகைக்குழாய் வால்வும் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். ஓட்டம் பேட்டரி மின்மோட்டாருக்கு மாறும். பக்கத் தொட்டிகளின் மேல் வால்வுகளைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும், கீழிருந்து கடல்நீர் ஏறும். சீக்கிரம் இறங்குவதற்கென்றே 'க்யூ' தொட்டி என்று ஒன்று உண்டு. அதை நிரப்பினால் படகு கனத்து இறங்கும், ஆழம் வந்ததும் அதிலுள்ள நீரைக் காற்றால் தள்ளிவிடுவார்கள். முன்னும் பின்னும் உள்ள கிடைச்சுக்கான்கள் மூக்கைத் தாழ்த்தும். பிறகு முன்தொட்டிக்கும் பின்தொட்டிக்கும் இடையே தண்ணீரை மாற்றிப் படகைச் சமன் செய்வார்கள். உணவு தீர்ந்தாலும் டார்பிடோ ஏவினாலும் எடை மாறும், அந்தக் கணக்கை நாள்தோறும் போட்டாக வேண்டும்.

இதில் எந்தச் சின்ன விஷயம் தப்பினாலும் ஆபத்துதான். 'தீட்டிஸ்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி இதற்கு உதாரணம். 1939 ஜூன் 1, லிவர்பூல் விரிகுடாவில் சோதனை ஓட்டம். படகு முங்கவில்லை, முகப்பு லேசாக இருந்தது. டார்பிடோ குழாய்களில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க உள்கதவில் ஒரு சிறு சோதனைக் குழாய் உண்டு. அதைத் திறந்தால் தண்ணீர் வந்தால் குழாய் நிறைந்திருக்கிறது, வராவிட்டால் காலி. ஐந்தாவது குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆனால் வெளிக்கதவு திறந்துகிடந்தது, குழாய் முழுக்கக் கடல்நீர். சோதனைத் துளையைப் பெயின்ட் அடைத்திருந்தது. குத்திப் பார்ப்பதற்கென்றே ஊசி இருந்தும் யாரும் குத்திப் பார்க்கவில்லை. உள்கதவைத் திறந்ததும் கடல் உள்ளே வந்தது. 103 பேரில் 99 பேர் இறந்தார்கள். அதே படகை மீட்டு, 'தண்டர்போல்ட்' என்று பெயர் மாற்றிப் போருக்கு அனுப்பினார்கள். 1943-இல் அதுவும் எல்லோரோடும் மூழ்கியது.

மூழ்கிய படகிலிருந்து ஒருவர்கூட வெளியே வர முடியாதா? (வாசகி, குறும்பனை)

வந்தவர்கள் உண்டு, மிகக் குறைவு. 1941 டிசம்பர் 6-இல் கிரேக்கத்தின் கெஃபலோனியாத் தீவருகே 'பெர்சியஸ்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி கண்ணிவெடியில் பட்டு 52 மீட்டரில், ஏறத்தாழ 28 பாகத்தில், தரைதட்டியது. ஜான் கேப்ஸ் என்ற மாலுமி பின்பக்கத் தப்பிப்பு மூடி வழியாக ஆக்சிஜன் கருவியோடு வெளியேறி, தீவுக்கு நீந்திச் சேர்ந்தார். வெளியேறும் முறை இதுதான்: அறைக்குள் தண்ணீரை விட்டு உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்துக்குச் சமமாக்க வேண்டும், அதுவரை மூடி அசையாது. கழுத்தளவு தண்ணீரில் காத்திருக்க வேண்டும். மேலேறும்போது மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து கிழித்துவிடும். அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. 1997-இல் முக்குளிப்பவர்கள் படகைக் கண்டுபிடித்தபோது தப்பிப்பு மூடி அவர் சொன்னபடியே திறந்திருந்தது.

ஆரல்வாய்மொழி தாண்டினால் விஜயநாராயணத்தில் உயரமான கோபுரங்கள் தெரிகின்றன. அவை நீர்மூழ்கிகளோடு பேசவா? (வாசகர், ஆரல்வாய்மொழி)

ஆம், அது இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990-இல் தொடங்கப்பட்டது. சாதாரண வானொலி அலை கடல்நீருக்குள் போகாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை மட்டும் 10 முதல் 20 மீட்டர் வரை ஊடுருவும். அதன் அலைநீளம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் என்பதால்தான் அவ்வளவு பெரிய கோபுரங்கள். நீர்மூழ்கி கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அதே வழியில் பதில் சொல்ல முடியாது. அத்தனை பெரிய கோபுரத்தைப் படகில் வைக்க முடியாதே.

அப்ஹோல்டர் காலத்தில் பதில் அனுப்ப வேண்டுமென்றால் மேலே வர வேண்டும். அனுப்பினால் எதிரி திசையைக் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே பேசாமல் இருப்பதே வழக்கம். அழைப்புக்குப் பதில் இல்லை என்பதால் மட்டும் படகு போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் அப்ஹோல்டர் எப்படிப் போனது என்று முடிவு செய்தது யார்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை)

உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான். 1942 ஏப்ரல் 6-இல் 25-ஆவது ரோந்துக்காக மால்டாவிலிருந்து கிளம்பியது. இது முடிந்ததும் இங்கிலாந்து திரும்பும் ஏற்பாடு. துனீசியக் கரையில் உளவாளிகளை இறக்கிவிட்டு, ஏப்ரல் 11-இல் 'அன்பீட்டன்' என்ற நீர்மூழ்கியைச் சந்தித்து, தன்னிடமிருந்த ராணுவ அதிகாரி ஒருவரை அதற்கு மாற்றியது. அவர்களை உயிரோடு கடைசியாகப் பார்த்தவர்கள் அந்தப் படகில் இருந்தவர்கள். பிறகு திரிப்போலி நோக்கிப் போனது, திரும்பவில்லை. பிரிட்டிஷ் கடற்படை ஆகஸ்ட் 22-இல்தான் அறிவித்தது.

ஏப்ரல் 14-இல் இத்தாலியின் 'பெகாசோ' என்ற போர்க்கப்பல் திரிப்போலிக்கு வடகிழக்கே ஒரு நீர்மூழ்கியைத் தாக்கியது. பல நூல்கள் அதையே காரணமாக எழுதுகின்றன. திரிப்போலி அருகே கண்ணிவெடியில் பட்டிருக்கும் என்பது இன்னொரு கருத்து. இரண்டும் ஊகமே. 'இன்னார் மூழ்கடித்தார்' என்று அடித்துச் சொல்லும் வரியைப் படித்தால், படகின் உடைசலைக் கண்டார்களா என்று முதலில் கேளுங்கள்.

இதைச் சொல்லக் காரணம் 'அர்ஜ்'. வாங்க்ளினின் நண்பர் டாம்கின்சன் தலைமையில் இருந்த இந்தப் படகு அதே மாதம் 27-இல் மால்டாவிலிருந்து கிளம்பி மறைந்தது. லிபியக் கரையில் விமானத் தாக்குதலில் மூழ்கியது என்ற கருத்து நெடுநாள் உலவியது. 2019-இல் மால்டா பல்கலைக்கழகக் குழு ஒலிக்கருவியால் கடலடியைத் துழாவியபோது, மால்டாவுக்குப் பக்கத்திலேயே 130 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. துறைமுகம் விட்டவுடனே கண்ணிவெடியில் பட்டிருக்கிறது. முகப்பு உடைந்திருந்தது.

நம் பக்கத்தில் இப்படி மறைந்த நீர்மூழ்கி உண்டா? (வாசகர், மார்த்தாண்டம்)

பாகிஸ்தானின் 'காசி'. 1971 நவம்பர் 14-இல் கராச்சியிலிருந்து கிளம்பி இலங்கையைச் சுற்றி விசாகப்பட்டினம் வந்தது. டிசம்பர் 3-4 நள்ளிரவில் 93 பேரோடு மூழ்கியது. ஐ.என்.எஸ். ராஜ்புத் போட்ட ஆழக்குண்டு என்பது இந்தியத் தரப்பு, விபத்து வெடிப்பு என்பது பாகிஸ்தான் தரப்பு. படகு கிடைத்தும் வாதம் தீரவில்லை.

ஒக்கிப் புயலில் எங்கள் ஊர்க்காரர்கள் பலர் திரும்பவே இல்லை. கடலில் காணாமல் போனவரை எப்போது இறந்தவராகக் கொள்வார்கள்? தேடுவதற்கு வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? (வாசகி, வள்ளவிளை)

சட்டப்படி, வழக்கமாகச் செய்தி தெரிய வேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 108-ஆம் பிரிவு, புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. 2017 நவம்பர் 30 ஒக்கிக்குப் பிறகு, காணாமல் போனவர்களின் குடும்பங்களை ஏழு ஆண்டு காத்திருக்க வைக்காமல் அரசு நிவாரணம் வழங்கியது.

தேடுதல் முழுக்கக் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் நேரத்தையும் நம்பியது. நீரோட்டம் 1 நாட், திசை தெரியாது என்று வையுங்கள். ஒரு நாளில் படகு 24 கடல் மைல் வட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம், அது ஏறத்தாழ 1,800 சதுர கடல் மைல். இரண்டாம் நாள் அது நான்கு மடங்காகி 7,200-ஐத் தாண்டும். கவிழ்ந்து மேலே மிதக்கும் படகைக் காற்றும் தள்ளும், தண்ணீர் நிறைந்து தாழ்ந்த படகை நீரோட்டம் மட்டும் இழுக்கும். இரண்டும் வேறு வேறு திசையில் போகும். அதனால்தான் முதல் நாளில் சொல்லும் தகவலுக்கு அவ்வளவு மதிப்பு.

பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் படகு கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி வீட்டிலும் சங்கத்திலும் கொடுத்து வையுங்கள்: படகின் பதிவு எண், நிறம், போகிறவர்களின் பெயர், ஜி.பி.எஸ். கணக்கில் போகும் இடம், டீசல் எத்தனை லிட்டர், தண்ணீர் எத்தனை நாளுக்கு, சாட்டிலைட் போன் எண், திரும்பும் நாள். வி.எச்.எஃப். வானொலிக் கருவி ஏறத்தாழ 20, 30 கடல் மைல்தான் எட்டும், ஆழ்கடலுக்கு அதை நம்பிப் போகக் கூடாது. ஒவ்வொரு முறை பேசும்போதும் நேரத்தையும் இடத்தையும் அந்தத் தாளிலேயே குறித்து வாருங்கள். சொன்ன நாளில் வராவிட்டால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, இரண்டுக்கும் உடனே கூப்பிட்டு அந்தத் தாளில் உள்ளதை அப்படியே படித்துச் சொல்லுங்கள்.