நாலு நாள் ஸ்ப்ரே அடித்தும் ராத்திரி மூக்கடைப்பா?

அலர்ஜி மூக்கடைப்புக்கான ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரேயை 4 நாள் அடித்தும் படுத்ததும் மூக்கு அடைக்கிறது, லேசாக ரத்தமும் வருகிறது என்கிறீர்கள். முழுப் பலன் தெரிய 2 வாரம்கூட ஆகலாம், அதற்குள் நிறுத்திவிடாதீர்கள். ரத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் கோணம்தான். தலையைச் சற்றுக் குனிந்து, வலது துவாரத்துக்கு இடது கையால் பிடியுங்கள். முனை நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும் (வாயில் கசந்தால் அதுதான்). அப்படியும் ரத்தம் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்; இளைப்பு, வீசிங் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

அடைப்பைச் சட்டென்று திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை 5 நாளுக்கு மேல் தொடர்ந்தால், விடும்போது அடைப்பு இன்னும் மோசமாகத் திரும்பும்.

தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். அலர்ஜியைத் தூண்டும் தூசிப்பூச்சி பச்சைத் தண்ணீரில் சாகாது.